கொஸ்டீன் பேப்பர் அக்கா

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், அக்கா பக்கத்து சீட்டு அம்மாளைப் பார்த்து, "இன்னாம்மா, தீட்டு நின்னுடுச்சா?" என்று கேட்டாள். முன்பின் பார்த்திராத அம்மாள். மடியில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்தவள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நாலு சீட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்தப் பொம்பளை யாரென்றே எனக்குத் தெரியாது என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் இறங்கும்போது பூசணிக்காய் அக்காவின் இடுப்பில் இருந்தது.

"நின்னு ஆறு வருசம் ஆவுதாம். ஒரு தொந்தரவும் இல்லியாம். நல்ல பொம்பள, வேணாம்னாலும் வுடல," என்றாள்.

அது தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் பெண்களுக்காக ஊர் ஊராகப் பரிசோதனை முகாம் நடத்திக்கொண்டிருந்தது. கர்ப்பப்பையின் வாயில் வருகிற புற்றுநோயை முற்றுவதற்குள் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், ஒரு டிரைவர். நோட்டீஸ் எழுதவும் கார்டு நிரப்பவும், எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காத நான். அப்புறம் அக்கா. காகிதத்தில் அவள் 'உதவியாளர்'. மடக்குக் கட்டிலைத் தூக்க வேண்டும், திரை கட்ட வேண்டும், கருவிகளைக் கொதிக்க வைக்க வேண்டும். செய்யூர் பக்கத்துக்காரி. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எட்டாவது வரை படித்திருந்தாள். அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெயர் ஒன்று இருந்தது, சம்பளத்தன்று மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அக்கா. டாக்டரம்மா மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் 'கொஸ்டீன் பேப்பர்' என்பார்.

என்னை அவள் "எம்மே" என்று கூப்பிடுவாள். நான் எம்.ஏ. என்பதாலா, இல்லை அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற 'எம்மே'தானா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்பது எனக்கு வராது, அது அவளுடைய வேலை.

அவள் கேள்விகள் மொத்தம் மூன்று. தீட்டு நின்றபிறகு மறுபடியும் படுகிறதா? புருஷனோடு சேர்ந்தால் ரத்தம் வருகிறதா? வெள்ளைப்படுவது நாற்றம் அடிக்கிறதா? இதை அவள் "சாப்பிட்டியா" என்று கேட்கிற குரலில் கேட்பாள். கிணற்றடி, ரேஷன் கடை வரிசை, சவுக்குத்தோப்பில் விறகு கட்டும் இடம் எங்கும் கேட்பாள். ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டு, சாம்பார் வாளியோடு நின்றவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

ஒரு ஊரில் வாசலிலேயே ஒரு புருஷன்காரர் மறித்துக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணுமில்ல, நீங்க கெளம்புங்க," என்றார். அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அண்ணாத்த, ஒனக்குத் தீட்டு நின்னு எத்தினி வருசம் ஆவுது?"

"இன்னா பேச்சு இது?"

"ஒனக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சவள வரச்சொல்லு."

அடி விழப்போகிறது என்று நான் ஜீப்புக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார், அக்கா உள்ளே போய்விட்டாள்.

என்னுடைய புகழ்பெற்ற தவறை இங்கே சொல்லியாக வேண்டும். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் முகாம். 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியும் முகாம்' என்று எழுதிப் பெயிண்டரிடம் கொடுத்தேன். அவர் அழகுணர்ச்சியோடு 'கர்ப்பப்பை' என்பதை மேலே சின்னதாக வளைத்து எழுதிவிட்டு, கீழே 'வாய்ப் புற்றுநோய்' என்று ஆளுயரத்துக்குப் போட்டுவிட்டார். முகாமன்று காலையில் வெற்றிலை புகையிலை போடுகிற ஊர்ப்பெண்கள் அத்தனை பேரும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களோடு நாலைந்து ஆண்கள். முதல் பாட்டி டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஆவென்று திறந்த வாயை, மூடச் சொல்லியும் மூடவில்லை. வரவேண்டிய பெண்களெல்லாம், "எங்களுக்கு வெத்தல பழக்கம் இல்லீங்க," என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா செருப்பை மாட்டினாள்.

"நீ எழுதுற தமிழு எவளுக்கு எம்மே புரியும்? வாயின்னா இந்த வாயிதான்," என்று தன் உதட்டைத் தட்டிக் காட்டினாள். "அந்த வாயி கீதுன்றதே பாதிப் பேருக்குத் தெரியாது."

குப்பத்தில் வீடு வீடாக ஏறினாள். ஒருத்தி மீன் கழுவிய தண்ணீரை இவள் காலில் ஊற்றினாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, அஞ்சு வருசம் கழிச்சு மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன். எம்மாமியாரு புட்டு சுத்தப் போறேன்றாங்க," என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்தவள் திரைக்குப் பின்னால் கட்டிலில் ஏற்றும்வரை விடவில்லை. மாலைக்குள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அந்தச் சிரித்த பெண்ணுக்கு மட்டும்தான் இருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் கர்ப்பப்பையை எடுத்ததோடு பிழைத்தாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டேன், எல்லாரும் இல்லை இல்லை என்றுதானே சொல்கிறார்கள், அப்புறம் ஏன் இப்படிக் கேட்டு அவமானப்பட வேண்டும் என்று.

"சொல்லுன்னா எவளும் சொல்லமாட்டா. கேட்டா, இல்லன்னாவது சொல்லுவா. அந்த இல்லைய எப்பிடி சொல்றான்னு பாக்கணும். வெடுக்குனு சொன்னா இல்ல. கோச்சுக்கினு திட்டினாலும் முக்காவாசி இல்ல. 'இல்லியே, எதுக்குக் கேக்கற'ன்னு கேட்டான்னு வையி, அவ வூட்டுக்கு மறுபடியும் போவணும்."

நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு கடலோரத்தில், அணு ஆராய்ச்சி வளாகத்துக் குடியிருப்பில் இருந்தது. அப்பாவுக்கு அங்கே வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை, அப்போது ஐம்பத்தாறு வயசு. அடுத்த முகாமுக்கான நோட்டீஸை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'வாய் புற்றுநோய்' என்று அவசரத்தில் எழுதியிருந்தேன், ஒற்றுப் போட்டாள். அறிகுறிகள் என்று தலைப்பிட்டு மூன்று வரி இருந்தது. 'மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு' என்ற வரியில் 'ரத்த'த்துக்கு முன்னால் ஒரு 'இ' போட்டாள். "ரகரத்துல சொல் தொடங்காதுடி. எம்.ஏ. படிச்சு என்ன பிரயோஜனம்?" என்றாள். பத்துக்கு ஏழு மதிப்பெண் போட்டுக் கையில் கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சதுரங்கப்பட்டினத்தில் முகாம் முடிந்தது. ஜீப் பழுதாகி நின்றுவிட, செங்கல்பட்டு பஸ் வர நேரம் இருந்தது. நனைந்துபோய் நின்ற அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போனேன். வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான். "வீட்டுல ஒண்ணும் கேக்காதீங்கக்கா. அம்மா டீச்சர்."

"டீச்சர்னா கர்ப்பப்பை கெடையாதா?"

"அக்கா!"

"செரி செரி, கேக்கல."

பின்வாசலில் கால் கழுவிவிட்டு வந்தவள், என் காதருகே, "ஒனக்கு இப்ப தீட்டா?" என்றாள். இல்லை என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா உபசாரமாகத்தான் பேசினாள். செய்யூர் என்றதும், "செய்யூர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"காலனிம்மா," என்றாள் அக்கா பளிச்சென்று.

அம்மா உள்ளே போய் எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அக்காவுக்குக் கண்ணாடி கிளாஸிலும் காபி கொண்டுவந்தாள். நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். 'எந்தப் பக்கம்?' எங்கள் வீட்டில் கேட்கக் கூசாத கேள்வி அது ஒன்றுதான். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா என்றால் அதுவும் இல்லை.

அக்கா காபியை ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். "டீச்சர், ஒங்களுக்கு நின்னப்புறம் மறுபடியும் படுதா?"

அம்மாவின் முகம் அசையவில்லை. "இல்லையே," என்றாள். பிறகு, "எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிச் சொல்லி அழைத்து வந்தேனே என்ற கோபம், காபி கிளாஸினால் வந்த வெட்கம், எல்லாம் சேர்ந்து அவள்மேல் பாய்ந்தது. "எழுந்திருங்கக்கா. பஸ் வந்துடும்," என்றேன். அவள் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தாள். மழை விடவில்லை. குடைகூடக் கொடுக்கவில்லை நான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடி, "கோச்சுக்கோ, பரவால்ல," என்றாள். "பின்னாடி தாவாரத்துக் கொடியில ஒங்கம்மா பொடவைக்கு அடியில பழைய வேட்டித்துணி கிழிச்சுப் போட்டுக் காயுது. ஒன்னுது இல்லன்ன. அப்ப யாருது?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கம் போய்ப் புடவையைத் தூக்கினேன். ஏழெட்டுத் துண்டுகள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பழுப்புக் கறை. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எத்தனை நாளாம்மா?"

"நாலு மாசம். வரும், நிக்கும்."

"நோட்டீஸ் திருத்தினியே. அந்த வரியில 'இ' போட்டியே. படிக்கலியா நீ?"

"படிச்சேன்," என்றாள் அம்மா. "அது அந்த ஜனங்களுக்கு எழுதினதுன்னு நெனச்சேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். ஒரு ஆம்பளை டாக்டர் இருந்தால், பள்ளிக்கூடத்தில் தெரிந்தால், அப்பாவுக்குத் தெரிந்தால் என்று அடுக்கினாள். அவருக்குச் சொன்னால் தான் செத்ததற்குச் சமம் என்றாள். தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதுகிற நான், சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் ஆபீஸில் அக்கா கேட்டாள். "கேட்டியா எம்மே?"

"கேட்டேன்க்கா. ஒண்ணுமில்ல. அது வேலைக்காரம்மாவோட துணியாம்."

எங்கள் வீட்டில் வேலைக்காரம்மாவே கிடையாது. அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். நான் அவளைக் கண்டால் கார்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். கட்டில் மடக்கும்போது எதிர்ப்பக்கம் பிடிக்காமல் இருந்தேன். மூன்று வாரம் இப்படிப் போனது. அந்த மூன்று வாரமும் நான் முகாமில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பெண்களின் பெயர்களை எழுதினேன். அம்மா கொடியில் போடுவதை நிறுத்திக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயப்போட ஆரம்பித்தாள். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்குவரை என்னையே கேட்கிறேன். சத்தியம் என்பது சாக்குத்தான். அந்தக் காபி கிளாஸை வாங்கிக் குடித்தவள் சொன்னது சரியாகிவிட்டதே என்பதுதான் உண்மை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஒரு சனிக்கிழமை காலையில், அப்பா வேலைக்குப் போனதும், அக்கா இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"டீச்சர், நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். அங்க இங்கிலீஷ்ல ஏதேதோ எழுதித் தர்றாங்க. எனக்குப் படிச்சவங்க யாரும் தொணைக்கு இல்ல. ஒரு நடை வர்றீங்களா?"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரியாத கதவு ஒன்று கிடையாது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் உள்ளே போய், பள்ளிக்கூடத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையில் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். "ஒத்தாசைன்னு கேக்கறாங்க, எப்படி மாட்டேங்கறது?" என்று என்னிடம் சொன்னாள். நானும் பின்னாலேயே போனேன். வரிசையில் உட்கார்ந்ததும் அக்கா சீட்டை வாங்கி, பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நான் பயந்தேன். அம்மா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, தன் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதைத் திருத்திக் கொடுத்தாள்.

உள்ளே இருந்தது பெண் டாக்டர்தான். வெளியே வந்து எங்களிடம் சொன்னார். ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆபரேஷன் முடியாது, சென்னைக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஐந்து மாதம் ஆகப்போகிறது என்றேன். மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று எங்கள் டாக்டரம்மா பிறகு எத்தனையோ தடவை சொன்னார். நான் நம்பவில்லை.

தாழ்வாரத்தில் அக்கா என் எதிரே வந்து நின்றாள். "ஒனக்கு எப்ப தெரியும்?"

இந்த ஒருமுறையாவது ஒழுங்காகப் பதில் சொன்னேன். "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே."

அவள் கை ஓங்கினாள். அடிக்கவில்லை, அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீ எழுதுன காயிதத்தத்தானடி நான் ஊரு ஊரா ஒட்டிகினு திரிஞ்சேன்," என்றாள். அதற்குமேல் என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

அம்மாவோடு அவள் பேச்சு நிற்கவில்லை. சென்னைக்குப் போகிற மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் இருவரும் அருகருகே உட்கார்ந்து போவார்கள், நான் எதிர் சீட்டில். அக்கா வழக்கம்போல யாரையாவது கேட்பாள். அம்மா முதலில் கூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். போகப் போக, பதில் சொல்கிறவளின் முகத்தை அம்மாவும் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு முதுகில் வலி என்றாள். மூன்றாவது வருஷம் பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போய்விட்டாள்.

மதுரையிலிருந்து பெரியம்மாவும் சித்தியும் வந்திருந்தார்கள். ஆண்கள் எடுத்துக்கொண்டு போனபிறகு, கழுவிவிட்ட கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து ஓரமாக இருந்த அக்கா எழுந்து, நேராகச் சித்தியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சித்தி அம்மாவுக்கு நான்கு வயசு இளையவள்.

"ஒங்களுக்குத் தீட்டு நின்னப்புறம் மறுபடியும் படுதாம்மா?"

அழுகை சட்டென்று நின்றது. "யாருடி இவ? எழவு வீட்டுல வந்து கேக்கற கேள்வியா இது? வெளியில அனுப்புங்கடி!" என்று பெரியம்மா கத்தினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சித்தி," என்றேன்.

"எங்கக்காவ எடுத்துட்டுப் போயி ரெண்டு நாழி ஆகல..." என்று சித்தி மூக்கைச் சிந்தினாள்.

"ஒங்க அக்காதான் கேக்கச் சொல்லிச்சு," என்றாள் அக்கா. "போன்ல நாலு தபா கேக்கப் பாத்துச்சாம். வாயி வரலியாம். அரிசி வெல கேட்டுட்டு வெச்சுட்டேன்னு எங்கிட்ட அழுதுச்சு. நேர்ல பாத்தா நான் கேக்கறேன் டீச்சர்னு சொன்னேன்."

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். அக்கா குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாளைக்குத் திங்கக்கெழம. ஏழு மணி பஸ்ஸப் புடிச்சா ஆஸ்பத்திரியில மொத சீட்டு வாங்கிடலாம்."

"நாளைக்குப் பால் தெளிக்கணுமே," என்றாள் சித்தி.

"தெளிக்க ஆம்பளைங்க கீறாங்க," என்றாள் அக்கா. "நீ என்னோட வா."